மூன்றாம் தரம் சொல்லும் முன்

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத் திருவிழா முடிந்ததும், வேலில் குத்தியிருந்த எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். 2024இல் ஒன்பது பழங்கள் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போயின. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று நியூயார்க்கில் சோதபீஸ் நிறுவனம் ஒரு வாழைப்பழத்தை ஏலம் விட்டது. வெள்ளி நிற டேப் போட்டுச் சுவரில் ஒட்டிய பழம். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கத்தேலானின் ‘கமீடியன்’ என்ற படைப்பு. 62 லட்சம் டாலருக்குப் போனது. எடுத்தவர் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன். சில நாள் கழித்து ஹாங்காங்கில் நிருபர்களைக் கூட்டி அந்தப் பழத்தைச் சாப்பிட்டும் விட்டார்.

எலுமிச்சம்பழத்துக்குச் சிரிப்பவர்கள் உண்டு, வாழைப்பழத்துக்குச் சிரிப்பவர்களும் உண்டு. ஆனால் இரண்டு இடத்திலும் ஏலம் எடுத்தவர்கள் பழத்துக்காகப் பணம் கொடுக்கவில்லை. அங்கே வேலின் அருள். இங்கே ஒரு சான்றிதழும், பழத்தை எந்த உயரத்தில் எப்படி ஒட்ட வேண்டும் என்ற செய்முறைத் தாளும். பழம் அழுகினால் புதிதாக வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

சமகாலக் கலை ஏலத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருவதெல்லாம் இந்த மாதிரி ஒரு எண்ணும் ஒரு வியப்புக்குறியும்தான். கலை வணிகத்தில் விலை வெளியே தெரிகிற ஒரே இடம் ஏலம் என்பது உண்மை. கேலரியில் என்ன விலைக்குக் கைமாறியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏலக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த விலை எப்படி உருவானது என்பதில் பாதிக்கு மேல் திரைக்குப் பின்னால் நடக்கிறது. கையைத் தூக்குவதற்கு முன்னால் அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு ஏலம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. மீன் கண்ணெதிரே கிடக்கிறது, படகுக்காரர் பக்கத்தில் நிற்கிறார், வியாபாரிகள் சுற்றி நிற்கிறார்கள். யார் என்ன விலை கேட்கிறார் என்பது எல்லோருக்கும் கேட்கிறது. கலை ஏலத்திலும் வெளித்தோற்றம் அதேதான். உள்ளே மூன்று நான்கு விஷயங்கள் வேறு.

முதலாவது, மதிப்பீடும் ரிசர்வ் விலையும். கேட்லாக்கில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘20 முதல் 30 லட்சம்’ என்று ஒரு மதிப்பீடு இருக்கும். இது விலையல்ல, தூண்டில். ஆளை இழுக்க வேண்டுமென்றே தாழ்த்திப் போடுவதும் உண்டு. அதற்கடியில் இன்னொரு எண் இருக்கிறது. இதற்குக் கீழே விற்காதே என்று விற்பவர் சொல்லிவைத்த ரிசர்வ் விலை. அதை வெளியிட மாட்டார்கள். மதிப்பீட்டின் கீழ் எண்ணைவிட அது அதிகமாக இருக்கக் கூடாது என்பதுதான் வழக்கமான விதி. ஏலம் அந்த ரிசர்வ் விலையை எட்டும் வரை, ஏலம் விடுபவரே விற்பவர் சார்பாக விலையை ஏற்றிக்கொண்டு போகலாம். கூரையில் தொங்கும் சரவிளக்கைப் பார்த்துக் கேள்வி வாங்குவது என்று இதைத் தொழிலில் கேலியாகச் சொல்வார்கள். நம்மூர் ஏலத்தில் இதைச் செய்தால் ஆள் வைத்துக் கேட்கிறான் என்று சண்டை வந்துவிடும். அங்கே அது விதிமுறைப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்ட நடைமுறை. ஆகவே முதல் நான்கைந்து கேள்விகளைக் கேட்டு, ‘பலத்த போட்டி’ என்று பதறிவிடக் கூடாது.

இரண்டாவது, உத்தரவாதம். பெரிய சேகரிப்பு ஒன்றைப் பிடிக்க ஏல நிறுவனங்களான சோதபீஸும் கிறிஸ்டீஸும் மோதும்போது, படம் விற்றாலும் விற்காவிட்டாலும் இவ்வளவு தருகிறோம் என்று விற்பவருக்கு வாக்குக் கொடுப்பார்கள். அந்தச் சுமையைத் தாமே தாங்காமல் வெளியிலிருந்து ஒரு பணக்காரரைப் பிடித்து அவர் தலையில் வைப்பதும் உண்டு. வேறு யாரும் கேட்காவிட்டால் பேசிய விலைக்கு அவரே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் உபரியில் அவருக்குப் பங்கு, அல்லது ஒரு கட்டணம். நாம் நேரலையில் பார்க்கும்போது அந்தப் படம் உண்மையில் முன்கூட்டியே விற்றுப்போயிருக்கும். கேட்லாக்கில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இதைச் சொல்லும். அந்தக் குறியின் பொருளைக் கடைசிப் பக்கத்தில் தேடிப் படிப்பவர்கள் குறைவு.

மூன்றாவதுதான் பர்ஸைக் கடிப்பது. சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். 1975இல் லண்டனில் சோதபீஸும் கிறிஸ்டீஸும் 10 சதவீதமாக இதைக் கொண்டுவந்தபோது கலை வணிகர்கள் கொதித்தார்கள். இன்று அந்தப் பத்து சதவீதம் சொர்க்கமாகத் தெரிகிறது. 2023இல் கிறிஸ்டீஸ் வைத்த விகிதம், முதல் 10 லட்சம் டாலர் வரை 26 சதவீதம், அதற்கு மேல் 60 லட்சம் வரை 20, அதையும் தாண்டினால் 14.5. சோதபீஸ் 2024இல் இதைக் குறைத்து, 60 லட்சம் டாலர் வரை 20 சதவீதம் என்று எளிமையாக்கிப் பார்த்தது. ஒரே ஆண்டில் பழையபடி ஏற்றிவிட்டது. வாழைப்பழம் அந்த இடைக்காலத்தில் போனது. சுத்தியல் விலை 52 லட்சம், கட்டணம் 10 லட்சத்து 40 ஆயிரம். இந்தியாவில் சாஃப்ரன்ஆர்ட் போன்ற நிறுவனங்களில் இந்தக் கட்டணம் 20 சதவீதம்.

இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. கேட்லாக் மதிப்பீட்டில் கட்டணம் சேராது. மறுநாள் பேப்பரில் வரும் விலையில் கட்டணம் சேர்ந்திருக்கும். ‘மதிப்பீட்டைத் தாண்டி விற்பனை’ என்ற தலைப்புக்குப் பின்னால் பல சமயம் இருப்பது இந்த இருபது சதவீதம் மட்டுமே.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 10 லட்சம் ரூபாய்க்குச் சுத்தியல் விழுகிறது. கட்டணம் சேர்த்து 12 லட்சம். அதற்கு மேல் ஜிஎஸ்டி (ஓவியங்களுக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 5 சதவீதமானது), பெட்டி கட்டும் கூலி, வண்டி, காப்பீடு. இதையெல்லாம் விட்டுவிடுவோம். நாளைக்கு அதே படத்தை அதே ஏலத்தில் விற்கப் போனால் விற்பவரிடமும் கமிஷன் உண்டு. 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், போட்ட 12 லட்சம் கைக்கு வரச் சுத்தியல் 13 லட்சத்து 33 ஆயிரத்தில் விழ வேண்டும். அதாவது விலை மூன்றில் ஒரு பங்கு ஏறினால்தான் முதலுக்கு மோசமில்லை. தங்கம் வாங்கும்போது சேதாரத்துக்காக மல்லுக்கட்டும் நாம் இதைக் கேட்பதேயில்லை.

இந்தக் கமிஷனிலும் ஒரு வரலாறு உண்டு. 1990களில் சோதபீஸும் கிறிஸ்டீஸும் விற்பவர்களிடம் வாங்கும் கமிஷனை ரகசியமாகப் பேசிவைத்து ஒரே அளவில் வைத்திருந்தன. அது வெளியே வந்து, வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கில் இரண்டும் சேர்ந்து 51 கோடி டாலர் கட்டின. சோதபீஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மன் 2002இல் சிறைக்குப் போனார். நிறுவனம் தொடங்கிய 1744 முதல் கட்டிக் காத்த கௌரவம் என்று பேசும் இடத்தில் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, முதலீடாக இது தேறுமா? இந்தக் கேள்வியைப் பொருளியல் அறிஞர்கள் நாற்பது ஆண்டுகளாக மென்றுகொண்டிருக்கிறார்கள். 1986இல் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் பௌமால் மூன்று நூற்றாண்டு ஏல விலைகளை எடுத்துப் பார்த்தார். பணவீக்கம் போக ஆண்டுக்கு அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வருவாய் என்றார். அரசுக் கடன்பத்திரமே அதைவிட மேல். பிறகு 2002இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜியான்பிங் மெய், மைக்கேல் மோசஸ் இருவரும் அவ்வளவு மோசமில்லை என்று காட்டினார்கள். ஆனால் அவர்களும் ஒன்று கண்டார்கள். கையில் இருக்கிற பணத்துக்கு மிகச் சிறந்ததையே வாங்கு என்று வணிகர்கள் சொல்லும் அறிவுரைக்கு ஆதாரம் இல்லை. விலை உயர்ந்த தலைசிறந்த படங்களின் வருவாய் மற்றவற்றைவிடக் குறைவு.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. இந்தக் கணக்குகளில் வருவன எல்லாம் ஏலத்துக்குத் திரும்பி வந்து விற்ற படங்கள். விலை ஏறிய படத்தைத்தான் ஒருவர் ஏலத்துக்குக் கொண்டுவருகிறார். இறங்கியது பரணில் கிடக்கிறது. பரணைக் கணக்கில் சேர்த்தால் வருவாய் இன்னும் குறையும். ஏலத்துக்கு வந்து விலை போகாமல் திரும்பிய படத்தின் கதி இன்னும் பரிதாபம். ஆலன் பெக்ஸ், கேத்ரின் கிராடி இருவரின் ஆய்வின்படி, அப்படித் திரும்பிய ஓவியம் பிற்பாடு விற்கும்போது மற்றவற்றைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாகத்தான் ஈட்டுகிறது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் விட்டால் ஊரில் பேச்சு வருகிற மாதிரிதான்.

இளம் கலைஞர்களின் படங்களில் ஏற்றமும் இறக்கமும் இன்னும் வேகம். கானா நாட்டு ஓவியர் அமோகோ போஃபோவின் ஒரு படம் 2020 பிப்ரவரியில் லண்டன் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 30 முதல் 50 ஆயிரம் பவுண்டு மதிப்பீட்டில் வந்து 6 லட்சத்து 75 ஆயிரத்துக்குப் போனது. கேலரியில் வாங்கி இரண்டொரு ஆண்டில் ஏலத்தில் தள்ளிவிடுபவர்களுக்கு இது கொண்டாட்டம். கலைஞருக்கு அப்படியல்ல. இன்று ஏறிய விலையைக் கேலரி இறக்க முடியாது. அடுத்த ஏலத்தில் படம் திரும்பினால் அவர் பெயர் கெட்டது கெட்டதுதான். 2010களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் இப்படி ஏற்றிவிடப்பட்ட இருபது வயதுக்காரர்கள் பலர் ஐந்தாண்டில் கேட்பாரற்றுப் போனார்கள்.

ஏலத்தில் ‘சமகாலம்’ என்ற சொல்லே ரப்பர் மாதிரி. லியனார்டோ டாவின்சியின் படைப்பு என்று சொல்லப்பட்ட ‘சல்வாதோர் முண்டி’ 2017 நவம்பரில் 45 கோடி டாலருக்குப் போனதே, அதைக் கிறிஸ்டீஸ் விற்றது சமகாலக் கலை ஏலத்தில். ஐந்நூறு வயதுப் படம். பணம் அந்த மாலையில், அந்த அறையில் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

இந்தியாவிலும் சொல்லுக்கும் பொருளுக்கும் இதே இடைவெளிதான். 2002இல் நியூயார்க் கிறிஸ்டீஸில் ஓவியர் தையப் மேத்தாவின் ‘செலிப்ரேஷன்’ 3 லட்சத்து 17 ஆயிரம் டாலருக்குப் போனதிலிருந்து கதை தொடங்குகிறது. 2005இல் அவருடைய ‘மகிஷாசுரா’ 15.8 லட்சம் டாலர். சமகால இந்திய ஓவியம் ஒன்று 10 லட்சம் டாலரைத் தாண்டியது அதுதான் முதல் முறை. அதைத் தொடர்ந்து ஒரு காய்ச்சல் அடித்தது. 2000இல் தொடங்கிய சாஃப்ரன்ஆர்ட்டின் இணைய ஏலங்களில் வெளிநாடுவாழ் இந்தியர்கள் நள்ளிரவில் விழித்திருந்து கேட்டார்கள். ஓவியத்துக்கென்றே முதலீட்டு நிதிகள் கிளம்பின. ஓசியான்ஸ் நிறுவனம் 2006இல் 100 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. 2008 செப்டம்பர் 15 அன்று பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் கேலரிகளை ஒதுக்கிவிட்டுத் தன் புதுப் படைப்புகளை லண்டன் சோதபீஸில் நேராக ஏலம் விட்டார். லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானதும் அதே நாள். இரண்டு நாளில் அவருக்கு 11 கோடி பவுண்டு வசூல். அதன் பிறகு இந்தியா உட்பட எல்லா இடத்திலும் சந்தை சரிந்தது. ஓசியான்ஸ் நிதி 2009இல் முதிர்ந்தபோது முதலீட்டாளர்களுக்குச் சொன்ன நேரத்தில் பணம் போய்ச் சேரவில்லை.

சரிவில் அதிகம் அடிபட்டது அப்போது உயிரோடு இருந்து, அப்போது வரைந்துகொண்டிருந்தவர்களின் படைப்புகள். எழுந்து வந்தவை மறைந்த முன்னோடிகளின் படங்கள். 2013 டிசம்பரில் கிறிஸ்டீஸ் மும்பையில் நடத்திய முதல் ஏலத்தில் வி.எஸ். கைதொண்டேவின் படம் 23.7 கோடி. 2023இல் அம்ரிதா ஷேர்-கில்லின் ‘கதைசொல்லி’ 61.8 கோடி. 2025 ஏப்ரலில் தையப் மேத்தாவின் கட்டுண்ட எருது அதே 61.8 கோடி. அதற்கு முந்தைய மாதம் நியூயார்க்கில் எம்.எஃப். உசேனின் ‘கிராம யாத்திரை’ 1 கோடியே 37 லட்சம் டாலர், நம் பணத்தில் சுமார் 118 கோடி. கைதொண்டே 2001இல் மறைந்தார், தையப் 2009இல், உசேன் 2011இல். ஷேர்-கில் 1941இலேயே. வரத்து நின்றுபோன கடை இது. கைதொண்டே ஆண்டுக்கு மிகச் சில படங்களே வரைந்தவர். இருக்கிற சொற்பத்துக்கு நாலைந்து பெரும் பணக்காரர்கள் மோதினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? அந்த நாலைந்து பேரில் ஒருவர் நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஷேர்-கில் விஷயத்தில் ஒரு கூடுதல் முடிச்சு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி அவருடைய படங்கள் தேசியக் கலைச்செல்வம். ரவிவர்மா, ரவீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ், ஜாமினி ராய் என அந்தப் பட்டியலில் ஒன்பது பேர். இந்தியாவில் இருக்கும் இவர்கள் படம் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. உலகச் சந்தையின் கதவு மூடியிருந்தும் 61.8 கோடி என்பது உள்ளூர்ப் பணத்தின் கனத்தைக் காட்டுகிறது.

இத்தனை கோடியில் வரைந்தவருக்கு எவ்வளவு? ‘மகிஷாசுரா’ விற்றபோது தையப் மேத்தா எண்பது வயதில் மும்பையில் இருந்தார். அந்த விற்பனையில் அவருக்கு ஒன்றும் இல்லை. மறுவிற்பனைப் பணம் படத்தின் உரிமையாளருக்குப் போகிறது. இந்தப் பிணக்கு பழையது. 1973 அக்டோபரில் நியூயார்க்கில் டாக்சி நிறுவன முதலாளி ராபர்ட் ஸ்கல் தன் சேகரிப்பை ஏலம் விட்டார். ராபர்ட் ரவுஷன்பெர்க் வரைந்த, 900 டாலருக்குத் தான் வாங்கியிருந்த ‘தா’ என்ற படத்தை 85,000 டாலருக்கு விற்றார். ஏலம் முடிந்ததும் ரவுஷன்பெர்க் ஸ்கல்லைத் தள்ளியதைக் கேமரா பதிவுசெய்திருக்கிறது. பிரான்சில் 1920 முதலே மறுவிற்பனையில் கலைஞருக்குச் சட்டப்படி பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விற்பனைக்கு அதிகபட்சம் 12,500 யூரோ.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். பதிப்புரிமைச் சட்டம் 53ஏ பிரிவு. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆகும் ஓவியம், சிற்பம் ஆகியவற்றில் படைத்தவருக்கோ வாரிசுக்கோ 10 சதவீதம் வரை பங்கு பெற உரிமை தருகிறது. 1994 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு. முப்பது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் அது பத்திரமாக இருக்கிறது, ஏலக்கூடத்தில் அதன் பேச்சையே காணோம். இந்திய ஏல நிறுவனங்கள் தாமாகவே இதை நடைமுறைப்படுத்த முன்வர வேண்டும் என்பது என் கட்சி. 20 சதவீதக் கட்டணம் வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு துளி பிரித்துக் கொடுப்பது பெரிய கணிதமல்ல.

இந்த இடத்தில் சென்னையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. அங்கிருந்த ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டு, ஓவியத்தை விலைக்காக வளைக்காமல் வைத்திருந்தார்கள். அந்தச் சுதந்திரத்துக்கு ஏலச்சந்தையில் விலை கிடைக்கவில்லை. பணிக்கரின் சொற்களும் குறியீடுகளும் வரிசை, 1973இல் இளம் வயதிலேயே இறந்துபோன கே. ராமானுஜத்தின் கனவு நகரங்கள், சந்தானராஜ், ஆர்.பி. பாஸ்கரன் எல்லாம் பம்பாய்க்காரர்களின் விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கேலரிகள், விமர்சகர்கள், பணம் மூன்றும் பம்பாயிலும் தில்லியிலும் குவிந்திருந்ததுதான் காரணம். தரம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளைத் தமிழ் வாசகர்கள் ஏலத்தில் பார்ப்பதற்கு முன்பே பத்திரிகையில் பார்த்துவிட்டார்கள். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது கூடவே வந்த கோடுகள் அவை. சமகாலக் கலையை ஏலத்தில் வாங்க ஆசையும் அளவான பணமும் உள்ள தமிழ் வாசகர் ஒருவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், இந்தச் சென்னை ஓவியர்களின் காகிதச் சித்திரங்களில் என்று சொல்வேன். ஏறும் என்பதற்காக அல்ல. அந்தக் கோடு அவருக்கு ஏற்கெனவே பழக்கம், போலியைப் பார்த்தால் உறுத்தும்.

போலி என்பது கற்பனைப் பயமல்ல. 2009இல் ஓவியர் எஸ்.எச். ராசா தன் பெயரில் நடந்த கண்காட்சியைத் திறந்துவைக்கத் தில்லியில் ஒரு கேலரிக்குப் போனார். சுவரில் தொங்கியவற்றில் பல தன் கையால் வரைந்தவையே அல்ல என்று கண்டார். வரைந்தவர் உயிரோடு வந்து பார்த்ததால் தெரிந்தது. மறைந்தவர்களின் படங்களுக்கு அந்தச் சாட்சி இல்லை. படம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற கைமாற்று வரலாறுதான் சாட்சி.

‘கிராம யாத்திரை’க்கு அப்படி ஒரு நேர்க்கோட்டு வரலாறு இருந்தது. நார்வே நாட்டு மருத்துவர் ஒருவர் 1954இல் தில்லியில் வாங்கினார். பத்தாண்டு கழித்து ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனைக்கு எழுதிவைத்தார். அங்கிருந்து நேராக ஏலத்துக்கு வந்தது. இடையில் சந்தேகப்பட ஒரு கைகூட இல்லை. மதிப்பீட்டின் மேல் எண்ணாக 35 லட்சம் டாலர் வைத்த படம் அதைப்போல் நான்கு மடங்குக்குப் போனதில் இதற்கும் பங்கு உண்டு.

அந்த வரலாறு பெரும்பாலும் படத்தின் முதுகில் இருக்கும். சட்டத்தின் மரத்தில் ஒட்டிய பழைய கேலரிச் சீட்டு, கண்காட்சி முத்திரை, முந்தைய ஏலத்தின் எண், ஓவியர் கையெழுத்தில் தலைப்பும் ஆண்டும். 1950களின் படம் என்று சொல்லும் கான்வாஸில் புத்தம்புது ஸ்டேப்பிள் பின் பளபளத்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். எப்போது, ஏன் என்று கேட்க வேண்டும். சென்னைக் காற்றில் வளர்ந்த படம் என்றால் காகிதத்தின் ஓரத்தில் பூஞ்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படத்தின் நிலை பற்றிய அறிக்கையைக் கேட்டால் அனுப்புவார்கள். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாட்களில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டால் ஊழியர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பிக் காட்டுவார். அதற்குக் கட்டணம் கிடையாது.